சங்கு பயன்பாட்டில் உள்ளது

போன மாதம், ஆபீஸில் என் பழைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் போன் செய்தாள். கம்பெனியில் மறுபடியும் சாஃப்ட்வேர் மாற்றுகிறார்களாம். இயந்திரங்களின் பழைய நிலைகளைப் புதிய நிலைகளாக மாற்ற வேண்டுமாம். முதல் தடவை நீங்கள் மாற்றியபோது என்ன முறை வைத்திருந்தீர்கள் அக்கா என்று கேட்டாள். முறை என்று ஒன்றை நாங்கள் வைத்திருந்ததாக அவள் நம்பியதே எனக்குப் பெருமையாக இருந்தது. சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் என் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. மறுபடி பேசியபோது, எழுதியே தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். இதோ எழுதுகிறேன்.

சிவகாசியில் காலண்டரும் பட்டாசு லேபிளும் அச்சடிக்கும் கம்பெனி எங்களுடையது. அதே முதலாளிக்கு அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையும் உண்டு. டைப்ரைட்டிங் முடித்த கையோடு நான் வேலைக்குச் சேர்ந்தேன். எந்த மிஷின் அச்சடிக்கும், எது வெட்டும், எது சும்மா நிற்கும் என்று தெரிந்துகொள்வதிலேயே முதல் வருடம் போயிற்று. மூன்றாவது வகைதான் அதிகம். பிறகு மிஷின் கணக்கு என் கைக்கு வந்தது. ஓய்வு பெறும்வரை அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். கோபக்காரர் இல்லை. யாரையும் வேலையைவிட்டு நிறுத்தியதில்லை. யாருக்கும் எதையும் உறுதியாகச் சொன்னதும் இல்லை. எதைக் கேட்டாலும் அவருக்கு ஒரே பதில்தான்: “பாப்போம்.” பேப்பர் லோடு இறக்கவா என்றாலும் பாப்போம், கூரை ஒழுகுகிறது என்றாலும் பாப்போம். பைண்டிங்கில் ஒருவன் தன் கல்யாணத்துக்கு லீவு கேட்டான். பாப்போம் என்றார். அவன் போய்த் தாலி கட்டி, மறுவீடு முடித்து, வேலைக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள் கூப்பிட்டு, “சரி, போயிட்டு வா” என்றார். அவன் மறுபடியும் லீவு எடுத்துக்கொண்டான்.

அவருடைய மேஜையில் எப்போதும் ஒரு டம்ளர் சீரகத் தண்ணீர் இருக்கும். அதில் ஒரு மடக்குக் குடித்துவிட்டுப் பாப்போம் என்றால் காரியம் நடக்கும். குடிக்காமல் டம்ளரை நகர்த்திவைத்துவிட்டுச் சொன்னால் நடக்காது. டம்ளரையே பார்த்துக்கொண்டு சொன்னால், நடக்குமா நடக்காதா என்று அவருக்கே தெரியாது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க எனக்குப் பல வருடம் பிடித்தது. அலுவலக நிர்வாகம் என்று நான் கற்றதில் பாதி அந்த டம்ளர்தான்.

எங்கள் மிஷின் பதிவேட்டில் ‘நிலை’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் போர்மேன், ஸ்டோர்காரர், நான் என்று யார் வேண்டுமானாலும் எழுதுவோம். ‘ஓடுது’ என்று இருக்கும். ‘ஓடுது, சத்தம்’ என்று இருக்கும். ‘ஓடும், ஆள் இல்ல’ என்று ஒன்று. அதற்குக் கீழேயே ‘ஆள் உண்டு, ஓடாது’ என்று இன்னொன்று. ‘செல்வராசு வந்தா ஓடும்’ என்று ஒரு கட்டிங் மிஷினுக்கு எழுதியிருந்தது. செல்வராசு திருப்பூருக்குப் போய்ப் பனியன் கம்பெனியில் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ‘நல்லா ஓடுது’ என்று இருந்தால் அந்த மிஷினை யாருக்கோ விற்கப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம்.

பட்டாசு ஆலையும் வைத்திருக்கிற முதலாளி என்பதால் எங்களிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. எரிந்தது, வெடித்தது, புகைந்தது என்ற வார்த்தைகளை வாயாலும் சொல்லக்கூடாது, பேனாவாலும் எழுதக்கூடாது. மோட்டார் எரிந்துபோனால் ‘குளிர்ந்துட்டு’ என்று எழுதுவோம். புதிதாக வந்த எலக்ட்ரீசியன் ஒருவர் விவரம் தெரியாமல் ‘காயில் எரிந்துவிட்டது’ என்று எழுதிவிட்டார். அந்தப் பக்கத்தைக் கிழித்து, வாசலில் சிதறுகாய் உடைத்த பிறகுதான் அவரை உள்ளே விட்டார்கள்.

இப்படியெல்லாம் எழுதியும் தீராத மிஷின்களுக்கு ‘பாப்போம்’ என்று எழுதுவோம். ரிப்பேர் பார்க்கவா, விற்கவா, வைத்திருக்கவா என்று அண்ணாச்சியிடம் கேட்டு, அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதிவைத்தது. பதிவேட்டில் பாதிக்கு மேல் பாப்போம்தான்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். அண்ணாச்சியின் மகன் படிப்பை முடித்துவிட்டுக் கம்பெனிக்கு வந்தார். சின்னவர் என்போம். கெட்டிக்காரர். வந்த சூட்டோடு கோயம்புத்தூரிலிருந்து ஒரு சாஃப்ட்வேரை வாங்கினார். அதை நிறுவித் தர ரேவதி என்ற பெண் லேப்டாப்போடு வந்து இறங்கினாள். மிஷினுக்கும் வாழ்க்கைச் சுழற்சி உண்டு, அதில் ஐந்தே நிலைதான் உண்டு என்றாள். வரவிருப்பது, பயன்பாட்டில் உள்ளது, பழுதுபார்ப்பில் உள்ளது, இருப்பில் உள்ளது, நீக்கப்பட்டது. ஒரு அட்டையில் பெரிதாக எழுதி என் மேஜைக்கு எதிரே சுவரில் ஒட்டிவிட்டாள். அண்ணாச்சி வந்து அட்டையை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டுப் பாப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் என்ன முடிவு சொல்லப் போகிறார் என்று அந்தப் பெண் சாயங்காலம்வரை உட்கார்ந்து காத்திருந்தாள். எனக்கே பாவமாக இருந்தது.

மறுநாள் இரண்டு பேரும் உட்கார்ந்து மாற்ற ஆரம்பித்தோம். ‘ஓடுது, சத்தம்’ சுலபம், பயன்பாட்டில் உள்ளது. ‘குளிர்ந்துட்டு’ என்றால் என்ன என்று கேட்டாள். அவள் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னேன். அவளுடைய சாஃப்ட்வேரிலேயே நீக்கியதற்குக் காரணமாக ‘எரிந்து சேதம்’ என்று ஒரு வரி இருந்தது. அண்ணாச்சி பார்ப்பதற்குள் அதை எடுத்துவிடு தாயே என்று கையெடுத்துக் கும்பிட்டேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் எடுத்தாள். நல்ல பெண்.

பிறகு பாப்போம் வந்தது. பக்கத்தைத் திருப்பினாள், பாப்போம். இன்னொரு பக்கம், பாப்போம்.

“ஏனுங்க்கா, இந்தப் பாப்போம்ங்கறது எந்த நிலைங்க?” என்றாள்.

“அது நிலை இல்லம்மா. அது அண்ணாச்சி” என்றேன்.

ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பார்த்து முடிவெடுப்பது என்று வைத்துக்கொண்டோம். விஷயம் அதற்குள் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. காரணம் சின்னவர் போட்ட ஒரு விதி. மிஷின் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் பெயர் இருக்க வேண்டும். மிஷின் ‘நீக்கப்பட்டது’ ஆனால் அந்த ஆளின் பெயர் ஷிப்டு பட்டியலிலிருந்து தானாக விழுந்துவிடும். தீபாவளி சீசன் முடிந்ததும் பெயர் இல்லாத ஆட்களைக் கணக்கு முடித்து அனுப்பிவிடுவது. அன்றிலிருந்து என் மேஜைக்கு சாத்தூர் காராச்சேவு வர ஆரம்பித்தது. நீக்கப்பட்டது என்று போட்டால் வேலை போகும். பயன்பாட்டில் என்று போட்டால் வேலை பார்க்க வேண்டிவரும். ஆகவே அத்தனை பேரும் தங்கள் மிஷினைப் பழுதுபார்ப்பில் போடச் சொல்லித்தான் கேட்டார்கள். அப்போதுதான் எண்ணெய் போட்டு நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிஷினுக்குக்கூட ஒருவர் வந்து, அதற்கு உள்ளுக்குள் ஏதோ செய்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். காராச்சேவை வாங்கிக்கொண்டேன். நிலையை மாற்றவில்லை. ஆள் இல்லாமல் நின்ற மிஷின்களுக்கு மிஷின் இல்லாமல் நின்ற ஆட்களின் பெயரைப் போட்டேன். இப்படியே எல்லாரையும் எங்காவது ஒட்டவைத்துவிட்டேன், ஒருவரைத் தவிர.

அவர் சுடலையண்ணன். கம்பெனிச் சங்குக்கு ஆள் அவர்தான். சங்கு என்றால் கூரைமேல் இருக்கும் மின்சாரச் சங்கு. காலையில் ஷிப்டு ஆரம்பிக்க, மத்தியானம் சாப்பாட்டுக்கு விட, சாயங்காலம் முடிக்க, சுவிட்சைப் போட்டு அதை ஊதவைப்பது அவர் வேலை. மற்ற நேரத்தில் வாசல் பெருக்குவார், செடிக்குத் தண்ணீர் விடுவார். ஒரு மழைக்காலத்தில் சங்கு நின்றுபோனது. என்ன செய்ய என்று அண்ணாச்சியிடம் கேட்டதற்கு வந்த பதிலை நான் எழுதத் தேவையில்லை. அன்றிலிருந்து வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு, நேரம் தவறாமல் இரும்புக் கம்பியால் அடித்துக்கொண்டிருந்தார் மனிதர்.

அவருக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அச்சு மிஷினில் நிற்க முடியாது. பட்டாசு ஆலையில் அந்தக் கண்ணோடு உள்ளேயே விடமாட்டார்கள். அவர் மனைவி அச்சங்குளம் ஆலையில் காலமெல்லாம் வேலை செய்து, நெஞ்சு இரைப்பு வந்து வீட்டோடு இருந்தார். வேலை போனால் அந்த வயதில் வேறு யாரும் சேர்க்கமாட்டார்கள். அந்த வீடு பட்டினிதான். கூரைமேல் செத்துக்கிடக்கிற ஒரு தகரக் கூம்புக்காகவும் சுவரில் ஒட்டிய ஓர் அட்டைக்காகவும் இந்த மனிதர் வீட்டுக்குப் போக வேண்டுமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

முதலில் நேர்வழியில்தான் போனேன். சங்கை விட்டுவிட்டுத் தண்டவாளத் துண்டைச் சொத்தாகப் பதிவுசெய்து, அதற்கு ஆளாகச் சுடலையண்ணனைப் போடலாமா என்று ரேவதியிடம் கேட்டேன். தாராளமாகப் போடலாம், தயாரித்த நிறுவனம், வரிசை எண், வாங்கிய பில் மூன்றும் வேண்டும் என்றாள். தண்டவாளத் துண்டுக்கு நான் யாரிடம் போய்ப் பில் கேட்பது? அது எங்கள் வேப்பமரத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை யாரும் கேளாமல் இருப்பதுதான் எல்லாருக்கும் நல்லது.

சரி என்று சங்குக்கு நேரே ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று அடித்துவிட்டேன். நான் பொய் சொன்னதாக இன்றைக்கும் நினைக்கவில்லை. தினமும் நேரத்துக்குச் சத்தம் வருகிறதா, வருகிறது. ஆனால் பட்டியலைப் பார்த்த சின்னவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இந்தச் சங்கு ஊதி நான் கேட்டதில்லையே, நாளைக் காலையில் ரேவதியும் நானும் நேரில் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டார்.

சுடலையண்ணனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வாடியது. பிறகு, “அவுகளுக்குச் சத்தந்தான வேணும்?” என்றார். கதவைச் சாத்திவிட்டு, மூச்சை இழுத்து, வாயாலேயே சங்கு ஊதிக் காட்டினார். எனக்குப் புல்லரித்துவிட்டது. அத்தனை வருடம் பக்கத்திலேயே நின்று கேட்டவர் அல்லவா, அடித்தொண்டையில் ஆரம்பித்து மெல்ல ஏறி, உச்சிக்குப் போய் நின்று, இறங்கும்போது ஒரு சின்ன உதறல் உதறுமே, அதுவரை அச்சு அசலாக வந்தது. சும்மா இருக்காமல், விருதுநகர் ஸ்டேஷனில் ரயில் கிளம்புகிற சத்தத்தையும் அண்ணாச்சி கார் ஹாரனையும் செய்து காட்டினார். ஹாரனைக் கேட்டு வாட்ச்மேன் ஓடிப்போய் கேட்டைத் திறந்தார்.

திட்டம் இதுதான். கூரையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவர் மண்ணெண்ணெய்ப் புனலோடு உட்கார்ந்துகொள்ள வேண்டியது. கீழே நான் சுவிட்ச் அருகே நின்று “போடட்டுமா?” என்று சத்தமாகக் கேட்டுவிட்டுச் சுவிட்சைப் போட வேண்டியது. என் குரல் கேட்டதும் அவர் ஊத வேண்டியது. இரண்டு பேருமே வயதானவர்கள், பொறுப்பானவர்கள். எப்படி அதற்குச் சம்மதித்தோம் என்று இப்போது நினைத்தால் சிரிப்பாக வருகிறது.

மறுநாள் பத்தரை மணிக்குச் சின்னவரும் ரேவதியும் முற்றத்தில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்கள். நான் சுவிட்சை நோக்கி நடந்துகொண்டே “போடட்டுமா?” என்றேன். நான் போய்ச் சேர்வதற்குள் சங்கு ஊத ஆரம்பித்துவிட்டது.

“அக்கா, நீங்க இன்னும் சுவிட்சே போடலீங்களே” என்றாள் ரேவதி.

பழைய மாடல், அப்படித்தான் என்று சொல்லிவிட்டு ஓடிப்போய்ச் சுவிட்சைப் போட்டேன். சத்தம் ஏறியது. நல்ல கம்பீரமாக ஏறியது. சின்னவர்கூடப் பரவாயில்லையே என்பதுபோலத் தலையாட்டினார். உச்சியைத் தொட்ட நேரத்தில் சங்கு இருமியது. ஒரு தடவை இல்லை, மூன்று நான்கு தடவை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் ஊதியது. தூசி அடைத்திருக்கும் என்றேன். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்ல?

அதோடு முடிந்திருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். எங்கள் ஆட்களை மறந்துவிட்டேன். சங்கு ஊதினால் சாப்பாடு என்பது அவர்கள் ரத்தத்தில் ஊறிய விஷயம். உள்ளே மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. லேபிள் பிரிவு, கட்டிங், பைண்டிங் என்று வரிசையாக எழுந்து, கையைக் கழுவி, தூக்குச்சட்டியைத் திறந்து உட்கார்ந்துவிட்டார்கள். மணி பத்தரைதான் என்று நான் கத்தியதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. இத்தனை வருடம் கழித்துச் சங்கே ஊதிவிட்டது, கடிகாரத்தை எவன் பார்க்கிறான். பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸிலும் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. சீசன் நேரத்தில், அவசர ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது, மொத்தக் கம்பெனியும் நின்று புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அண்ணாச்சி தன் அறையிலிருந்து வெளியே வந்தார். எல்லாரையும் பார்த்தார். கூரையைப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா பூரணம், இப்ப என்ன ஊதுச்சு?”

“சங்கு அண்ணாச்சி.”

“அதுக்குள்ள மோட்டாரே கெடையாதேம்மா. நாந்தான அதக் கழத்திக் கொண்டுபோயி காரியாபட்டி தோட்டத்துல மாட்டுனேன்.”

அந்தச் சங்கை ஏன் ரிப்பேர் பார்க்காமலே வைத்திருக்கிறார் என்று எத்தனை நாள் யோசித்திருப்பேன். சின்னவருக்கு முகம் சிவந்துவிட்டது. மோட்டார் இல்லாத சங்குக்கு ஓர் ஆளா, இன்றைக்கே நீக்கப்பட்டது என்று போடுங்கள் என்று ரேவதியிடம் சொன்னார். அவள் லேப்டாப்பைத் திறந்தாள். சின்னவர் கண்டிப்பானவர், அந்த ஒரு பொத்தானை அமுக்கிவிட்டால் சுடலையண்ணன் கதை முடிந்தது.

“ஏலே சுடலை, எறங்கி வாலே” என்றார் அண்ணாச்சி, மேலே பார்த்து.

புனலைக் கையில் பிடித்தபடியே ஏணியில் இறங்கி வந்து அவர் முன்னால் நின்றார் சுடலையண்ணன். மூக்கில் புனல் கறை கறுப்பாக இருந்தது. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் தண்டவாளத்தை அடித்துக்கொண்டிருந்தாயே, அதை யார் உன்னை அடிக்கச் சொன்னது என்று அண்ணாச்சி கேட்டார்.

“யாரும் சொல்லல அண்ணாச்சி. சங்கு நின்ன அன்னைக்கு என்ன செய்யன்னு உங்ககிட்டதான் வந்து கேட்டேன். பாப்போம்னு சொன்னீக. நீங்க பாக்குற வரைக்கும் நேரம் நிக்காதுல்ல. சனங்க சாப்பிடணும், வீட்டுக்குப் போகணும். அதான் நானா அடிச்சேன்.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். குறை சொல்லும் குரல் இல்லை அது. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். அண்ணாச்சியிடம் அப்படி ஒரு பேச்சை யாரும் பேசி நான் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணாச்சி வேப்பமரத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அவர் வாயிலிருந்து எந்த வார்த்தை வரும் என்று முற்றத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தவர்கள்கூட மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள்.

அவர் ரேவதியிடம் திரும்பினார்.

“பயன்பாட்டில் இருக்குன்னு போடும்மா.”

“அப்பா, அதுல மோட்டாரே இல்ல” என்றார் சின்னவர்.

“ஆளு இருக்கான்ல.”

ரேவதி அடித்தாள். நான் எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். அன்றைக்கு மத்தியானம் சுடலையண்ணன் தண்டவாளத்தை அடித்தபோது, ஏற்கெனவே சாப்பிட்டு முடித்திருந்த கூட்டம் மறுபடியும் எழுந்துபோய் உட்கார்ந்துகொண்டது. அதை அண்ணாச்சி பார்த்தும் பாராததுபோல இருந்துவிட்டார். மோட்டார் மட்டும் காரியாபட்டியிலிருந்து திரும்பி வரவே இல்லை.

ஒவ்வொரு வருடமும் சரிபார்ப்பு வரும்போது சங்குக்கு நேரே ‘பயன்பாட்டில் உள்ளது, நல்ல நிலை’ என்று நான் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். ஒரு வருடம் சுடலையண்ணனுக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் வரவில்லை. அந்த வாரம் மட்டும் ‘பழுதுபார்ப்பில் உள்ளது’ என்று மாற்றினேன். சின்னவர் அதைப் பார்த்திருக்கிறார். அவரே சாத்துக்குடி வாங்கிக்கொண்டு சுடலையண்ணன் வீட்டுக்குப் போய்வந்தார் என்று கேள்விப்பட்டேன்.

சில வருடம் கழித்துச் சுடலையண்ணனுக்கு ஓய்வு பெறும் வயது வந்தது. மாலை போட்டு, பலகாரம் கொடுத்து, அண்ணாச்சியின் காரிலேயே வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். அவரை வழியனுப்பிவிட்டு வந்து, நானே உட்கார்ந்து சங்கின் நிலையை ‘நீக்கப்பட்டது’ என்று மாற்றினேன். சாஃப்ட்வேர் காரணம் கேட்டது. விற்கப்பட்டது, உடைந்தது, தொலைந்தது என்று மூன்று காரணங்கள் பட்டியலில் இருந்தன. மூன்றுமே இல்லை. கடைசியில் இருந்த ‘மற்றவை’ என்ற கட்டத்தில் ‘ஓய்வு பெற்றார்’ என்று அடித்து ஒப்புதலுக்கு அனுப்பினேன். அண்ணாச்சி அதைப் படித்துவிட்டு, என்னைக் கூப்பிட்டு எந்தப் பொத்தான் என்று கேட்டு, தன் விரலாலேயே அமுக்கினார்.